இறங்கிய எடை திரும்ப ஏறிவிட்டதா? நாற்பதைத் தாண்டி மறுபடி தொடங்குபவர்களின் கேள்விகள்

பாளையங்கோட்டையில் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. என்னிடம் வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே ஒருமுறை நன்றாக எடையைக் குறைத்தவர்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, சிலருக்குப் பழைய எடையையும் தாண்டியிருக்கும். உட்கார்ந்ததும் ஏதோ குற்றம் செய்துவிட்டவர்கள்போலப் பேச ஆரம்பிப்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் திருநெல்வேலிப் பக்கத்துச் சாப்பாட்டையும் வெயிலையும் விசேஷங்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

கஷ்டப்பட்டுக் குறைத்ததெல்லாம் திரும்ப வந்துவிட்டது. எனக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. எடை குறைந்தால் உடம்பு சும்மா இருப்பதில்லை. கொழுப்பில் சுரந்து பசியை அடக்குகிற லெப்டின் என்ற ஹார்மோன் குறையும், பசியைத் தூண்டுகிற கிரெலின் கூடும். ஆஸ்திரேலியாவில் 50 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. 10 வாரம் கடும் டயட்டில் எடை குறைத்தவர்களுக்கு ஒரு வருடம் கழிந்த பிறகும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. முன்பைவிட அதிகமாகவே பசித்தது. அமெரிக்காவில் ஒரு டிவி எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார்கள். சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்க வேண்டிய அளவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது. அந்த முடிவு 2016-இல் வந்தது.

அந்த நாட்டிலேயே நடந்த 29 நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, குறைத்த எடையில் பாதிக்கு மேல் இரண்டே வருடத்தில் திரும்பியிருந்தது. ஆக, உங்களுக்கு நடந்தது ஊர் உலகத்துக்கெல்லாம் நடப்பதுதான். குறைப்பது ஒரு வேலை, குறைந்ததை நிறுத்திவைப்பது இன்னொரு வேலை. முதல் வேலையை மட்டும்தான் உங்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தடவை இரண்டாவதை முதலிலேயே யோசித்துக்கொண்டு இறங்குங்கள் என்பதுதான் கீழே வருகிற பதில்கள் எல்லாவற்றிலும் நான் சொல்வது.

48 வயது ஆகிறது. இனிமேல் உடம்பு கரையாது என்கிறார்களே?

கரையும். 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களை அளந்த பெரிய ஆய்வு 2021-இல் வந்தது. உடம்பின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை உடம்பு எரிக்கிற சக்தி ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. அப்புறம்தான் இறங்குகிறது.

அப்படியானால் நாற்பதுக்கு மேல் ஏன் ஊதுகிறது? நாம் பயன்படுத்தாத தசை வருடத்துக்கு வருடம் குறைகிறது. அசைவும் குறைகிறது. மேலப்பாளையத்திலிருந்து ஜங்ஷனுக்குச் சைக்கிள் மிதித்தவருக்கு இப்போது தெருமுனைக் கடைக்கே பைக் வேண்டும். தூக்கமும் கெடுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கிற காலத்தில் தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றுக்கு மாறும். ராத்திரி உடம்பெல்லாம் காந்தி வியர்த்து விழிப்பு வரும், மறுநாள் அசதியில் சீனி போட்ட டீ கூடும். எடை மெஷினை மட்டும் பார்க்காமல் இடுப்பையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். நம்மவர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? நாளைக்கே சோற்றை நிறுத்திவிடட்டுமா?

பொறுங்கள். முதல் வாரம் சாப்பாட்டில் எதையும் மாற்ற வேண்டாம். இரண்டு வேலை இருக்கிறது.

ஒன்று, டாக்டரைப் பார்ப்பது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை, தைராய்டு, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிடுங்கள். சாப்பிடுகிற மாத்திரைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மன அழுத்த மாத்திரைகள், சில வலிப்பு மாத்திரைகள் எடையை ஏற்றக்கூடியவை. மாற்று இருக்கிறதா என்று கேட்கலாம், நீங்களாக நிறுத்தக் கூடாது. கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். பிரஷர் மாத்திரைக்காரர்களுக்கும் எடை இறங்க இறங்க அளவைக் குறைக்க வேண்டி வரலாம். பெரிய குறட்டையும் பகல் தூக்கமும் உண்டு என்றால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிற கோளாறு இருக்கலாம்.

இரண்டாவது வேலை ஒரு நோட்டில் எழுதுவது. போன தடவை எடை எந்த மாதம் ஏற ஆரம்பித்தது, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? பலரும் "டயட்டை விட்டுட்டேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கிளறிக் கேட்டால் கதை வேறாக இருக்கும். மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள். விடிகாலை நடை அன்றோடு நின்றிருக்கும். மதியம் கேன்டீன் சாப்பாடு, ராத்திரி வீட்டுக்குத் திரும்பும் வழியில் பார்சல் பரோட்டா, சால்னா. மாமியார் தேறி வீட்டுக்கு வந்திருப்பார், நடை மட்டும் திரும்பி வந்திருக்காது. இன்னொருவருக்கு அது மகளுடைய பிளஸ் டூ வருடமாக இருக்கும், வேறொருவருக்கு வேலை மாற்றலாக இருக்கும். அந்த மாதம் திரும்பவும் வரத்தான் செய்யும். வரும்போது விடாமல் பிடித்துக்கொள்ளப்போகிற ஒரே ஒரு பழக்கம் எது என்று இப்போதே எழுதிவையுங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்து நிமிஷ நடையும் கைப்பையில் இரண்டு அவித்த முட்டையும் என்று எழுதினாலும் போதும்.

மாவுச்சத்தை ஒதுக்குகிற பேலியோ டயட்டில் மூன்றே மாதத்தில் 12 கிலோ இறங்கியது. அதையே திரும்ப எடுக்கலாமா?

அதில் எடை இறங்கும் என்பதில் சந்தேகமில்லை. மாவுச்சத்தைச் சட்டென்று நிறுத்தினால் முதல் வாரங்களில் இறங்குவதில் பெரும்பங்கு நீர். உடம்பு சேர்த்துவைத்திருக்கிற சர்க்கரையான கிளைகோஜன் தன் எடையைப்போல் மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகும். அதற்கப்புறம் இறங்குவது கொழுப்புதான்.

என் கேள்வி வேறு. அந்தச் சாப்பாட்டோடு இன்னும் பத்து வருடம் இந்த ஊரில் உங்களால் இருக்க முடியுமா? காலையில் இட்லி அவிக்கிற வீடு, மதியம் சோறு வடிக்கிற வீடு. உங்களுக்கு மட்டும் தனிச் சமையல் எத்தனை நாள் நடக்கும்? முடியும் என்று மனசாரத் தோன்றினால், ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டு தாராளமாகச் செய்யுங்கள். முடியாது என்றால் மெதுவாக இறக்குகிற வழிக்கு வாருங்கள். வாரம் அரை கிலோ போதும். ரொம்ப வேகமாக இறக்கினால் பித்தப்பைக் கல் வருகிற ஆபத்தும் கூடும், தசையும் போகும்.

சோறு இல்லாமல் எங்களால் இருக்க முடியாது. என்ன செய்ய?

இருக்க வேண்டாம். தாமிரபரணித் தண்ணீரில் நெல் விளைகிற ஊரில் சோற்றை விரோதியாக்கி ஒருவரும் நிலைத்ததை நான் பார்த்ததில்லை. அளவைத்தான் பார்க்க வேண்டும். 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 130 கலோரி. தட்டு நிறையக் குவித்தால் 400 கிராம் சாதாரணமாக வரும், அதுவே 520 கலோரி. இந்தியர்கள் சாப்பிடுகிற கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. நம் வீட்டுத் தட்டைப் பார்த்தாலே அது தெரியும்: சோறு மலை, குழம்பு குளம், பொரியல் ஓரத்தில் ஒரு பொட்டு.

அதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் காய் பாதித் தட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புடலங்காய், சுரைக்காய், அவரை, கீரை என்று மகாராஜநகர் உழவர் சந்தையில் அன்றைக்கு எது மலிவோ அது. கால் தட்டுக்குப் பருப்பு, மீன், முட்டை, கோழி, சுண்டல் ஏதாவது ஒன்று. மிச்சக் கால் தட்டுக்குச் சோறு. காயையும் புரதத்தையும் பாதி சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றில் கை வையுங்கள்.

புரதத்தை விட்டுவிடாதீர்கள். இந்த வயதில் எடையோடு தசையும் போய்விடாமல் காப்பது அதுதான். 65, 70 கிலோ உள்ளவருக்கு நாளைக்கு 60 முதல் 70 கிராம் வந்தால் நல்லது. இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் மீனில் சுமார் 20, 50 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையை அவித்தால் 10, ஒரு பெரிய கிண்ணம் தயிரில் 6 என்று கூட்டிப் பாருங்கள். உவரிப் பக்கத்திலிருந்து வருகிற சாளை மலிவு, சத்தும் நிறைய. குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம். உளுந்தஞ்சோறும் நல்லதுதான், பருப்பும் அரிசியும் ஒன்றாக இருக்கிறது. ஆனால் எள்ளுத் துவையலை அள்ளி வைத்துக்கொண்டால் எள்ளிலும் நல்லெண்ணெயிலும் கலோரி ஓசையில்லாமல் ஏறும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

எண்ணெயைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு லிட்டரில் 8,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஆளுக்கு நாளைக்கு 25 கிராம் என்றால், நாலு பேர் வீட்டுக்கு மாதம் 3 லிட்டரை ஒட்டித்தான் வரும். உங்கள் வீட்டு மளிகை பில்லில் எத்தனை லிட்டர் என்று பாருங்கள். யாரும் உபதேசம் செய்யாமலே குடும்பம் மொத்தத்துக்கும் குறையக்கூடியது இது.

சொதி, அல்வா, கல்யாண வீடு… இதெல்லாம் இல்லாமல் எப்படி?

மறுவீட்டுச் சொதியை வேண்டாம் என்று ஒதுங்கி உட்கார்ந்தால் மனசும் கெடும், உறவும் கெடும். சாப்பிடுங்கள். இலையில் என்னென்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். தேங்காயின் முதல் பாலும் இரண்டாம் பாலும் சேர்ந்த சொதி, அதற்கு இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குச் சிப்ஸ், கூடவே பாயசம், அப்பளம், பழம். இதில் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் கிடைப்பது சொதி. சிப்ஸும் அப்பளமும் எந்தக் கடையிலும் என்றைக்கும் கிடைக்கும். சொதியில் கிடக்கிற காரட், பீன்ஸ், முருங்கைக்காயை எடுத்து முதலில் சாப்பிட்டு, ஒரு தடவை சோறு வாங்கி, இஞ்சித் துவையலோடு நிதானமாக ரசித்துச் சாப்பிடுங்கள். சிப்ஸை விட்டுவிடுங்கள். ராத்திரிக்கு மோரும் கொஞ்சம் சுண்டலும் போதும். மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள், அடுத்த வேளையே வழக்கத்துக்கு வந்துவிடுங்கள்.

அல்வாவும் அப்படித்தான். டவுனில் சாயங்காலம் தேர் வீதியில் நின்று சூடாகக் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நடந்து வந்தால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. கோதுமைப் பாலும் சீனியும் நெய்யும்தான், அளவு தெரிந்து சாப்பிடலாம். அரைக் கிலோ பொட்டலமாக வீட்டு பிரிட்ஜில் இருந்து, போகும்போதும் வரும்போதும் ஒரு விள்ளல் என்று போவதுதான் எடையில் தெரிகிறது. வெளியூர்க்காரர்களுக்கு வாங்கினால் அவர்கள் புறப்படுகிற அன்றைக்கே வாங்குங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை டாக்டர் சொல்கிற அளவுக்குத்தான்.

சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் எடை ஏறாதுதானே?

ஏறும். உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு ஈடு கிடையாது, ஆனால் கலோரியில் சீனிக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. தேனும் அப்படியே.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்களே?

கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் நிறைய உண்டு, வயிறு நிறைந்து நிற்கும். சுண்டலாகவோ ரசமாகவோ வாரம் இரண்டு மூன்று நாள் வைக்கலாம். வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே கொள்ளுக்கஞ்சியும் குடித்தால் எடை குறையாது.

16 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கலாமா? சஷ்டி விரதம் இருந்தால் குறையுமா?

சீனாவில் 139 பேரை வைத்து ஒரு வருடம் நடந்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டும் சாப்பிட்டவர்களுக்கும், அதே கலோரியை நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிட்டவர்களுக்கும் எடைக் குறைவில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் மிக்சர் டப்பாவைத் திறக்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் இந்த முறை அதைத் தடுக்கும், அந்த அளவில் நல்லது. சஷ்டி விரதம் முருகனுக்காக இருங்கள், எடைக்கணக்கை அதில் சேர்க்க வேண்டாம். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் எந்த விரதமானாலும் டாக்டரைக் கேட்டுவிட்டு இருங்கள்.

முட்டு வலிக்கிறது, வெயிலோ கொளுத்துகிறது. நடக்க முடியவில்லையே?

சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை வெயில் 40 டிகிரியைத் தொடும். அப்போது காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். வ.உ.சி. மைதானத்துப் பக்கம் விடியும் முன்பே ஆட்கள் நடந்துகொண்டிருப்பார்கள், துணைக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள்ளேயே முற்றமோ மாடி வராந்தாவோ போதும். வாரம் 150 நிமிஷம் என்பது குறைந்தபட்சம். ஒரேயடியாக முடியாவிட்டால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கு அப்புறமும் பத்து நிமிஷம் நடங்கள், சாப்பிட்டதும் சர்க்கரை துள்ளுவதையும் அது குறைக்கும்.

நடையைவிட நான் அதிகம் வற்புறுத்துவது தசைக்கான பயிற்சியை. நம் ஊரில் நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் இதை யாரும் சொல்வதே இல்லை. ஜிம் வேண்டாம். கை வைக்காத சாப்பாட்டு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நுனியில் உட்கார்ந்து, பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுந்திருங்கள். இறங்கும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணிக்கொண்டே உட்காருங்கள். முதல் வாரம் ஐந்து தடவைகூட மூச்சு வாங்கும். முட்டு வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்தது, சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி முன்னால் சாய்ந்து தள்ளுவது. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைக் கைக்கொன்றாகப் பிடித்துத் தூக்கி இறக்குவது. வாரத்தில் இரண்டு நாள் போதும். முழங்காலைத் தாங்குகிற தொடைத் தசை தேறினால் பலருக்கு வலியே குறையும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை எடை பார்ப்பது? இரண்டு வாரமாக முள் அசையவே இல்லை.

வாரம் ஒருமுறை, அதே கிழமை, காலையில் வெளிக்குப் போய்விட்டு வந்ததும், வெறும் வயிற்றில். முந்தின ராத்திரி கருவாடும் ஊறுகாயும் சாப்பிட்டிருந்தால் உப்பு தண்ணீரைப் பிடித்து ஒரு கிலோ கூடக் காட்டும், பயப்படாதீர்கள். நாலு வாரம் எடையும் இடுப்பும் இரண்டுமே அசையாமல் நின்றால்தான் எதையாவது மாற்ற வேண்டும். பெரும்பாலும் டீயோடு வருகிற வடை, காரச்சேவில்தான் கணக்கு ஒளிந்திருக்கும்.

எவ்வளவு குறைத்தால் போதும்? கல்யாணத்தின்போது 55 கிலோ இருந்தேன்.

அந்த 55-ஐ மறந்துவிடுங்கள் என்று உரிமையோடு சொல்கிறேன். இப்போதைய எடையில் 5 முதல் 7 சதவீதம் குறைத்தாலே பலன் தெரியும். 80 கிலோ என்றால் நாலு முதல் ஐந்தரை கிலோ. சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிஷ நடையும் இலக்காக வைத்த குழுவில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. அந்த அளவு இறங்கியதும் ஆறு மாதம் அங்கேயே நில்லுங்கள். நிற்கப் பழகியபிறகு அடுத்த ஐந்து சதவீதத்தை யோசிக்கலாம்.

இப்போது ஊசி வந்திருக்கிறதாமே?

செமாகுளூடைடு, டிர்செபடைடு என்ற மருந்துகளைக் கேட்கிறீர்கள். பசியைக் குறைத்து நன்றாகவே எடையை இறக்குகின்றன. டாக்டர் உங்களுக்குத் தேவை என்று சொன்னால் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிரஷருக்கு மாத்திரை சாப்பிட யாரும் கூச்சப்படுவதில்லையே. ஆனால் செமாகுளூடைடை நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக ஆய்வில் தெரிந்திருக்கிறது. எவ்வளவு காலம் போட வேண்டும், அத்தனை காலம் கையில் காசு இருக்குமா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பசி அடங்கியிருக்கிற அந்த மாதங்களில் புரதத்தையும் நாற்காலிப் பயிற்சியையும் விடவே கூடாது. டாக்டர் சீட்டு இல்லாமல் யாரோ சொன்னார்கள் என்று வாங்கிப் போடாதீர்கள்.

கொஞ்சம் மெலிந்தாலே எல்லாரும் ஒரு மாதிரி கேட்கிறார்கள்.

"என்ன மதினி, சுகரு வந்துட்டா? மூஞ்சியெல்லாம் ஒட்டிப்போச்சே!" இந்த ஒரு கேள்விக்காகவே டயட்டை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, நம் ஊரில் அக்கறை அப்படித்தான் வரும். "இல்லக்கா, நல்லாத்தான் இருக்கேன். நானாத்தான் குறைக்கேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். பந்தியில் "ஒரு கரண்டி போடுதேன்" என்று வருகிறவரிடம் டயட் என்று சொன்னால் விடமாட்டார், "இப்பதான் வச்சாங்க அண்ணாச்சி, பொறவு வாங்கிக்கிடுதேன்" என்றால் நகர்ந்துவிடுவார். வீட்டில் மட்டும் வெளிப்படையாகப் பேசுங்கள். ராத்திரி பரோட்டா வாங்கி வருகிற கணவரிடம், "எனக்கு வாங்காதீங்க" என்பதைவிட "வாரத்துல ஒரு நாள் மட்டும் வாங்குவோம், எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம்" என்பது எடுபடுகிறது.

குறைந்த பிறகு திரும்ப ஏறாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

அமெரிக்காவில் 1994 முதல் எடையைக் குறைத்து நிறுத்திவைத்திருப்பவர்களைப் பதிவு செய்து கவனித்து வருகிறார்கள். அவர்கள் குறைத்த வழி ஆளுக்கு ஆள் வேறு. நிறுத்திவைத்த விதத்தில் ஒற்றுமை தெரிகிறது: பெரும்பாலோர் நாளுக்கு ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிறார்கள், காலைச் சாப்பாட்டை விடுவதில்லை, வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள், விடுமுறையிலும் விசேஷத்திலும் சாப்பாட்டு முறையை அதிகம் மாற்றுவதில்லை.

நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். நிற்கிற எடையோடு இரண்டு கிலோவைக் கூட்டி ஒரு கோடு வைத்துக்கொள்ளுங்கள். 72 என்றால் 74. எடை 74-ஐத் தொட்ட வாரத்திலேயே, காரணம் தேடி வருத்தப்படாமல், எடை குறைத்தபோது பிடித்த பழக்கங்களுக்குத் திரும்புங்கள்: பாதித் தட்டுக் காய், டீயோடு ஒன்றும் இல்லை, தினமும் நடை. இரண்டு கிலோ ஒரு மாதத்தில் இறங்கிவிடும். பத்து கிலோ ஏறும்வரை மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தால்தான் வருடக்கணக்காகும். மெஷினில் ஏறுவதற்கே கூசுகிறது என்றால் அந்த வாரம் என்னிடமோ உங்கள் டாக்டரிடமோ வந்துவிடுங்கள். ஏறிய எடையோடு வந்து நிற்பதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

ஆடி கழியட்டும், தீபாவளி முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போகிறேன். எப்போது ஆரம்பிக்கலாம்?

தீபாவளி முடிந்தால் கார்த்திகைப் பொரி, அப்புறம் பொங்கல், அப்புறம் கொடை விழா. டாக்டரைப் பார்க்க நாள் வாங்கிவிட்டீர்களா? வாங்கவில்லை என்றால் அதுதான் ஆரம்பம். அது வரும்வரைக்கும் காத்திருக்காமல் நோட்டில் அந்த ஏறிய மாதத்தை எழுதுங்கள், நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள், அடுத்த மளிகைச் சீட்டில் எண்ணெயை ஒரு லிட்டர் குறைத்து எழுதுங்கள்.